இஸ்மிர்: மத்தியானக் காற்றை நம்பி

ஜூன் 30, 2024, ஞாயிறு. அல்சான்ஜாக்

துருக்கி என்றால் இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன், பாமுக்கலே வெள்ளைப் பாறை. கையில் இன்னும் கொஞ்சம் பணமும் நாளும் இருந்தால் அந்தால்யா. நம்மூர் ஏஜென்ட்கள் போடும் பட்டியலில் இஸ்மிர் வந்தால், எபேசு இடிபாடுகளுக்குப் போகிற வழியில் ராத்தங்கும் ஊராகத்தான் வரும். இஸ்தான்புல் கூட்டத்தில் நசுங்கிக் களைத்துப்போய் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். நாங்கள் என்றால் நானும் என் அக்காவும். அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. சுத்த சைவம், வலது முட்டியில் தேய்மானம். "நாட்டிலேயே மூணாவது பெரிய ஊருங்கிறே. பார்க்க என்னடி இருக்கு?" என்று விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் பதில் தெரியாது. கடல் இருக்கிறது, உட்காரலாம் என்றேன்.

வெளியே வந்ததும் அனல். கைப்பேசி 37 டிகிரி என்றது. சென்னைக்காரிகளுக்கு 37 ஒரு விஷயமே இல்லை, ஆனால் இது வேறு ஜாதி வெயில். வியர்ப்பதே தெரிவதில்லை. உதடு வெடிக்கிறது, மூக்கு காய்கிறது. நிழலுக்குள் ஓரடி வைத்துவிட்டால் உயிர் வந்துவிடுகிறது. தெருவில் எல்லோரும் ஒரே பக்கமாக நடக்கிறார்களே என்று பார்த்தால், நிழல் விழும் பக்கம்.

அல்சான்ஜாக் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏசியைப் போட்ட அரை மணியில் தண்ணீர் சொட்டி அக்காவின் தலையணை நனைந்தது. வீட்டுக்கார அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். மகனோ மருமகனோ, ஒரு பையன் வந்தான். ஒரு கையில் ஸ்குரூடிரைவர், இன்னொரு கையில் முழுத் தர்பூசணி. ஏசி மூடியைக் கழற்றிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். கீழே ஒரு வாளியை வைத்தான். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து கடல் பக்கம் கையைக் காட்டி "இம்பாத்" என்றான். கைக்கடிகாரத்தில் மூன்றைத் தொட்டுக் காட்டினான். தர்பூசணியைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். ரிப்பேர் முடிந்தது.

இம்பாத் என்றால் இங்கே கோடையில் வரும் கடற்காற்று. வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்து மேலே இருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. மெரினாவில் நாம் வாங்குகிற காற்றும் இந்தக் கணக்குதான். இஸ்மிர் ஒரு நீண்ட வளைகுடாவின் கடைக்கோடியில் இருப்பதால், மேற்கேயிருந்து வருகிற காற்று அந்தக் குழாய் வழியாகப் பாய்ந்து நேரே ஊருக்குள் நுழைகிறது. மூன்றுக்குச் சற்று முன்னாலேயே திரைச்சீலை அசைந்தது. நாலு மணிக்கு மேசைமேல் வைத்த பில் பறந்தது. அக்கா தரையில் பெட்ஷீட்டை விரித்துப் படுத்து ஆறு வரை தூங்கினாள்.

ஏழு மணிக்குக் கோர்டோனுக்கு நடந்தோம். கடற்கரையோரமாக நீளும் நடைபாதையும் புல்வெளியும்தான் கோர்டோன். 1990-களில் கடலைத் தூர்த்து இங்கே நெடுஞ்சாலை போடப் பார்த்தார்களாம். வழக்கு, போராட்டம் என்று இழுத்து, கடைசியில் சாலைக்குப் பதில் புல் முளைத்தது. அந்தப் புல்லில் இன்று ஊரே உட்கார்ந்திருந்தது. குடும்பங்கள், காதலர்கள், பீர் பாட்டிலோடு கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுக்கு இரண்டடி தள்ளி முக்காடு போட்ட பாட்டிகள். எல்லோர் கையிலும் சூரியகாந்தி விதைப் பொட்டலம். பல்லில் வைத்துக் கடித்து, பருப்பை உள்ளே இழுத்து, தோலைப் பைக்குள் துப்புகிறார்கள். பேச்சு ஒரு நொடிகூட நிற்பதில்லை. சூரியன் எட்டரைக்குத்தான் மறைந்தது. பன்னிரண்டு மணிக்கு நாங்கள் கிளம்பும்போது, தனியாக ஒரு அறுபது வயது அம்மா மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்குமாக அப்போதுதான் வந்து உட்கார்ந்தார். அக்கா அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 1, திங்கள். கெமெரால்ட்டி

காலை உணவு போயோஸ். உள்ளங்கை அளவு வட்டமான பலகாரம். மாவை எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிசாக இழுத்து, மடித்துச் சுருட்டி அடுப்பில் சுடுகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும். 1492-இல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களைத் துரத்தியது. ஒட்டோமான் ராஜ்ஜியம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. இஸ்மிரில் குடியேறிய அவர்கள் வீட்டுச் சமையலிலிருந்து தெருவுக்கு வந்ததுதான் இது. அவித்த முட்டையோடு சாப்பிட வேண்டும் என்பது ஊர் மரபு. அக்காவுக்கு முட்டையும் ஆகாது. கடைக்காரர் அவள் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்து, அதற்குப் பதிலாகத் தக்காளியும் ஆலிவும் கொண்டுவந்து வைத்தார். கேட்கவே இல்லை. ஒரு போயோஸ் பதினைந்து லிரா. 2024-இல் ஒரு லிரா சுமார் இரண்டரை ரூபாய். அப்படிப் பெருக்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இந்த விலையை வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். இங்கே விலைவாசி ஓடுகிற ஓட்டத்தில், மெனு அட்டையில் பழைய விலைமேல் ஸ்டிக்கர், அதன்மேல் இன்னொரு ஸ்டிக்கர்.

கொனாக் சதுக்கத்தில் மணிக்கூண்டு. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய 25-ஆம் ஆண்டுக்காக 1901-இல் கட்டியது. 25 மீட்டர் உயரம். கடிகாரம் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கொடுத்த பரிசு. பக்கத்திலேயே எண்கோண வடிவில், வெளிச்சுவரில் நீலப் பூ ஓடு பதித்த குட்டிப் பள்ளிவாசல். இரண்டையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்குமேல் சதுக்கத்தில் நின்றால் தலை வேகும். எதிரே கெமெரால்ட்டிக்குள் நுழைந்துவிட வேண்டும்.

கெமெரால்ட்டி பழைய கடைத்தெரு. தெருக்களுக்கு மேலே துணிப் பந்தலும் கொடிப் பந்தலும் இருப்பதால் உள்ளே வெயில் தெரிவதில்லை. இஸ்தான்புல் பஜாரில் "மேடம் மேடம்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறைதான். இங்கே எங்களை யாரும் கூப்பிடவே இல்லை. இது ஊர்க்காரர்கள் வாங்குகிற சந்தை. கல்யாண உடுப்பு, ஜன்னல் திரை, குக்கர் கேஸ்கட், விதை, ஊசி நூல். ஒரு துணிக்கடையில் அக்கா மெத்தை உறைத் துணியைத் தடவிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அவள் முட்டியைத் தேய்ப்பதைக் கவனித்துவிட்டு ஸ்டூலை நகர்த்தினார். பையனை அனுப்பி டீ வரவழைத்தார். துணி வாங்கவில்லை என்றதும் முகம் சுருங்கவில்லை. அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

சந்துக்குள் சந்தாகப் போனால் கிஸ்லாராசி ஹான், 1744-இல் கட்டிய வணிகர் சத்திரம். ஒட்டகத்தோடு வந்த வியாபாரிகள் தங்கிய முற்றத்தில் இப்போது காபிக்கடைகள். இங்கே காபியைப் பாத்திரத்தில் காய்ச்சிக் கோப்பையில் ஊற்றுவதில்லை. கோப்பையிலேயே தூளும் தண்ணீரும் போட்டு, கோப்பையோடு தணலில் வைத்துவிடுகிறார்கள். நுரை விளிம்பு வரை பொங்கி, வழியப் போகும் தருணத்தில் காபிக்காரர் இடுக்கியால் எடுத்துவிடுவார். அந்தக் கை தப்பவே இல்லை. எண்பது லிரா. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், லோக்கும் என்கிற துருக்கி மிட்டாய் ஒரு துண்டு. கோப்பையின் காது சுடும் என்று யாரும் எச்சரிக்கவில்லை, சுட்டது.

வெளியே வந்து சூப்யே குடித்தோம். முலாம்பழ விதையைக் காயவைத்து அரைத்துப் பிழிந்த பால், சர்க்கரை, ஜில்லென்று. பாதாம் பாலுக்கு ஏழை வீட்டுத் தங்கை மாதிரி இருக்கிறது. விதையைக்கூட வீணாக்காத ஊர் என்று அக்கா முதல் பாராட்டைக் கொடுத்தாள்.

ஜூலை 2, செவ்வாய். அசான்சோர், கர்ஷியாக்கா, அப்புறம் அந்த இரவு

காலையில் லிஃப்ட் பார்க்கப் போனோம். லிஃப்ட்டைப் போய்ப் பார்ப்பார்களா என்றால், இஸ்மிரில் பார்ப்பார்கள். மலைச்சரிவில் கீழ்த்தெருவுக்கும் மேல்தெருவுக்கும் நடுவே 155 படி. வயசாளிகள் ஏறி இறங்கி அல்லாடுவதைப் பார்த்து, நெசிம் லெவி என்ற யூதச் செல்வந்தர் 1907-இல் தன் செலவில் செங்கல் கோபுரம் எழுப்பி லிஃப்ட் வைத்துக்கொடுத்தார். இன்றும் ஓடுகிறது, காசு கிடையாது. மேலே போனால் மொத்த வளைகுடாவும் தெரிகிறது. "முட்டி வலிக்காரி எவளோ அவர் வீட்டில இருந்திருக்கா" என்றாள் அக்கா. கீழே லிஃப்டுக்குப் போகும் சிறு தெருவுக்கு, அங்கே வாழ்ந்த பாடகர் தாரியோ மொரேனோ பெயரை வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் கொனாக்கிலிருந்து படகில் கர்ஷியாக்காவுக்கு. எதிர்க்கரை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கரைக்காரர்களுக்குத் தாங்கள் தனி ஊர் என்று நினைப்பு. இஸ்மிர் மாகாண வண்டி எண் 35-இல் தொடங்கும். கர்ஷியாக்காக்காரர்களோ 35½ என்று சட்டையிலும் சுவரிலும் எழுதிக்கொள்கிறார்கள். படகின் மேல்தளத்தில் எள்ளு ஒட்டிய கெவ்ரெக் என்ற ரொட்டி வளையத்தைப் பிய்த்துக் கடற்காகங்களுக்கு வீசுவது எல்லோருக்கும் வழக்கம். அக்கா வீசவில்லை, தின்றுகொண்டிருந்தாள். ஒரு பறவைக்கு அந்த நியாயம் புரியவில்லை. விரல் நுனி உரச முக்கால் வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த பெண்மணி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, தன் கெவ்ரெக்கில் பாதியைப் பிய்த்து நீட்டினார். அக்கா தயங்கி வாங்கி, முந்தானைக்குள் மறைத்து வைத்துத் தின்றாள்.

இரவு பத்து மணிக்கு யூரோ கோப்பையில் துருக்கிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆட்டம், லைப்ஸிக்கில். எனக்குக் கால்பந்தும் தெரியாது, அக்காவுக்குத் தெரிந்தது மரடோனா பெயர் மட்டும். ஆனால் ஒன்பது மணிக்கே அல்சான்ஜாக் தெருக்களில் கடைகள் டிவியை நடைபாதைக்கு இழுத்துப் போட்டு நாற்காலி வரிசை கட்டிவிட்டார்கள். ஒரு டீக்கடையில் இடம் பிடித்தோம். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். தெரு வெடித்தது. முதல் நிமிடம்கூட முடியவில்லை, 57-ஆவது விநாடி, மெரிஹ் தெமிரால் கோல். தண்ணீர் முழுக்க முன்னால் இருந்தவர் முதுகில். அவர் திரும்பி அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டு, அப்புறம்தான் யார் என்று பார்த்தார்.

லைப்ஸிக்கில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இங்கே எல்லோரும் வியர்வையில் ஊறிக்கொண்டு டிவியில் மழையைப் பார்த்தார்கள். பிற்பாதியில் தெமிராலே இன்னொன்று அடித்தார். ஆஸ்திரியா ஒன்றைத் திருப்பியது. கடைசி வினாடிகளில் ஒரு ஆஸ்திரியர் தலையால் முட்டிய பந்தைத் துருக்கி கோல்கீப்பர் மெர்ட் குனோக் பாய்ந்து தள்ளினார். அந்த ஒரு நொடியில் தெருவில் சத்தமே இல்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், அவர் பேரன் விசிறியதும் மட்டும் நினைவிருக்கிறது. 2-1. அடுத்து கோர்டோன் முழுக்க ஹாரன், கொடி, காரின் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்த பெண்கள்.

அந்தக் கூட்டத்தில் மித்யே தோல்மா சாப்பிட்டேன். மட்டிக்குள் மிளகும் மசாலாவும் போட்ட சோற்றைத் திணித்து வேகவைத்தது. தள்ளுவண்டிக்காரர் ஓட்டைத் திறந்து, மேல் ஓட்டை உடைத்து அதையே கரண்டியாக்கி, எலுமிச்சை பிழிந்து நீட்டுவார். வாங்கி வாயில் போட்டு முடிக்கும்போது அடுத்தது தயாராக இருக்கும். போதும் என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். கடைசியில் ஓட்டை எண்ணிக் காசு. ஒன்று பத்து லிரா. வழிந்த எலுமிச்சைச் சாறு முழங்கை வரை ஒட்டியது. அக்கா நாலடி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கணக்கை மட்டும் சரியாக எண்ணினாள்.

ராத்திரி ஒன்றரை மணி. இரண்டு பெண்கள், அந்நிய ஊர், கொண்டாட்டக் கூட்டம், பாதிப் பேர் கையில் பீர். வீடு வரை நடந்தோம். ஒரு இடி இல்லை, ஒரு உரசல் இல்லை. இஸ்மிருக்கு ஏன் போக வேண்டும் என்று பெண்கள் யாராவது கேட்டால், மணிக்கூண்டையும் லிஃப்டையும் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜூலை 3, புதன். எபேசு

தூக்கம் மூன்று மணி நேரம். வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்று விடியற்காலை ரயில் நிலையத்தில் நின்றோம். இஸ்பான் புறநகர் ரயிலில் ஒரு விசித்திரம் உண்டு. நுழையும்போது முழுத் தூரக் கட்டணத்தையும் அட்டையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இறங்கும் இடத்தில் இன்னொரு இயந்திரத்தில் அட்டையைத் தொட்டால் மீதி திரும்ப வரும். எங்கள் அட்டையில் பாக்கி போதவில்லை, கதவு கீச்சிட்டது. நிரப்பும் இயந்திரம் புது நோட்டைத் துப்பியது. பின்னால் வந்த இளைஞர் ஒன்றும் பேசாமல் தன் அட்டையை இரண்டு முறை தட்டி எங்களை உள்ளே விட்டார். பணத்தை நீட்டினேன். நெஞ்சில் கைவைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாக்கால் 'ட்ச்' என்றார். இந்த ஊரில் 'வேண்டாம்' அப்படித்தான். ரயில் வந்துவிட்டது. அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

தெப்பெக்கோய் நிலையத்தில் ரயில் மாறி, எபேசுக்குப் பக்கத்து ஊரான செல்சுக். அங்கிருந்து மேல்வாசலுக்கு டாக்ஸி. முட்டி வலிக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: மேல்வாசலில் நுழைந்தால் மொத்த ஊரையும் இறக்கத்திலேயே நடந்து பார்த்துவிடலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் ஆளுக்கு 40 யூரோ. இருவருக்கும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அக்கா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடக்கவில்லை.

பைபிளில் வரும் எபேசு இதுதான். துறைமுக நகரமாக இருந்து, ஆறு கொண்டுவந்த வண்டலால் துறைமுகம் தூர்ந்து, கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப்போய், ஊர் செத்தது. நாடக அரங்கிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பளிங்குச் சாலை இன்னும் அகலமாக, நேராக, கம்பீரமாகப் போகிறது. அது போய் முடியும் இடத்தில் புதர். எனக்கு எபேசில் மறக்காதது அந்தச் சாலைதான். அரங்கில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். பவுல் வந்து பேசிய பேச்சால் ஆர்ட்டெமிஸ் சிலை வியாபாரம் படுத்துவிடும் என்று வெள்ளித் தட்டார்கள் கலவரம் செய்தது இங்கேதான். தொழிலுக்கு ஆபத்து வந்தால் பக்தி பொங்குவது அன்றும் இருந்திருக்கிறது.

எல்லோரும் படம் எடுக்கிற செல்சஸ் நூலகத்தின் முகப்பு, இரண்டாம் நூற்றாண்டில் ஒரு மகன் தன் அப்பாவுக்காகக் கட்டியது. அப்பாவின் கல்லறை அடியிலேயே இருக்கிறது. பூகம்பத்தில் விழுந்து கிடந்த முகப்பை 1970-களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கித் தூக்கி நிறுத்தினார்கள். ஆஸ்திரியர்கள் இங்கே தோண்ட ஆரம்பித்தது 1895-இல். நிழலில் நின்றிருந்த காவலருக்குக் கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கவில்லை. தூண்களைக் காட்டி "ஆஸ்திரியா" என்றார், கட்டைவிரலை உயர்த்தினார். அப்புறம் இரண்டு விரல், ஒரு விரல் காட்டி, கண்ணடித்தார்.

பத்தரைக்கே பளிங்கு கீழிருந்தும் சுட ஆரம்பித்தது. மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. இருக்கிற நிழலையெல்லாம் பூனைகள் பிடித்துவைத்திருந்தன. அக்காவுக்குத் தலை சுற்றியது. ஒரு கொரியக் குழுவின் வழிகாட்டி தன் குடையைக் கொடுத்து, வாசல்வரை கூடவே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். உலக அதிசயம் ஏழில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயிலில் மிச்சம் ஒரே ஒரு தூண், அதுவும் கிடைத்த துண்டுகளை அடுக்கியது. உச்சியில் நாரைக் கூடு. டாக்ஸி ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

ஜூலை 4, வியாழன். சும்மா இருந்தது

ஒன்றும் செய்யவில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் சொல்ல வேண்டும். துருக்கி என்றால் கபாப், சைவக்காரர் பட்டினி என்பது இந்த ஈஜியன் கடற்கரையில் செல்லாது. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் சாதாரணச் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கள். கூனைப்பூ, பீன்ஸ், கத்தரிக்காய், அரிசி திணித்த பூசணிப்பூ. விரலால் காட்ட வேண்டியதுதான். பூசணிப்பூவை விடியற்காலையில், வாய் மூடுவதற்குள் பறித்தால்தான் உள்ளே அரிசி திணிக்க முடியுமாம். கடல் காராமணி என்று ஒரு பச்சைக் குச்சிக் கீரை, பூண்டும் எலுமிச்சையும் போட்டது. வாயில் வைத்ததும் உப்புக் கரித்தது. வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ஓரம் முளைக்கும் உமரிக்கு இது பங்காளி. நரம்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் பல்லால் உருவிச் சாப்பிட வேண்டும். அக்கா இரண்டு தட்டு.

திரும்பும் வழியில் ஒரு தெருமுனையில் நீண்ட வரிசை. லாரிமேல் பெரிய வாணலி. மாவு சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுந்து உருண்டையாக மிதக்கிறது. பொன்னிறமானதும் பாகில் முக்கி, அட்டைக் கிண்ணத்தில் போட்டு, மேலே பட்டைத் தூள் தூவிக் கொடுக்கிறார்கள். லோக்மா. காசு எடுத்தால் வாங்கவில்லை. யாரோ இறந்து நாற்பதாம் நாள், குடும்பத்தார் ஊருக்கு இனிப்புக் கொடுக்கிறார்கள் என்று வரிசையில் நின்ற பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். இறந்தவரின் படம் லாரிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது, மீசை வைத்த சிரித்த முகம். ஆபீஸ் பையன்கள், போலீஸ்காரர், நாயோடு வந்தவர், எல்லோரும் வரிசையில். வாங்கிக்கொண்டு ஒவ்வொருவரும் அந்தக் குடும்பத்து ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார்.

ஜூலை 5, வெள்ளி. செஷ்மே

உச்சுகுயுலாரிலிருந்து பஸ், எண்பது கிலோமீட்டருக்கு மேல். செஷ்மேயும் பக்கத்திலுள்ள அலாசாட்டியும் துருக்கிப் பணக்காரர்களின் கோடைவாசஸ்தலம். அலாசாட்டியில் கல் வீடு, நீல ஜன்னல், படமெடுக்க வரிசை. ஒரு டீ விலையைப் பார்த்துவிட்டு உட்காராமலே எழுந்து வந்தோம். கடற்கரையில் தனியார் இடங்களில் ஒரு படுக்கை நாற்காலிக்கு ஆயிரம் லிராவுக்கு மேல் கேட்டார்கள். செஷ்மே விலையைத் திட்டிப் பேசுவது துருக்கிப் பத்திரிகைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை. எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கிரேக்கத் தீவான கியோஸ். இந்த வருடத்திலிருந்து சில தீவுகளுக்குத் துருக்கியர்கள் போய் இறங்கிய இடத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனதால், மீன் சாப்பிடவே அங்கே போய்விடுகிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் புலம்பினார்.

ஆனால் இலிஜா பொதுக் கடற்கரைக்குக் காசு இல்லை. துண்டை விரித்தால் போதும். வெள்ளை மணல், வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர். காற்று மட்டும் விடாமல் அடித்து, வாங்கி வைத்த கும்ருவில் மணலைத் தூவியது. கும்ரு என்பது எள் ரொட்டிக்குள் சீஸ், தக்காளி, தொத்திறைச்சி வைத்துச் சூடாக்கித் தருவது. தொத்திறைச்சி வேண்டாம் என்றால் விட்டுத் தருவார்கள், விலை குறையாது.

கரையின் ஒரு முனையில் வெந்நீர் ஊற்றுகள் கடலுக்குள்ளேயே சுரக்கின்றன. பாறைகளுக்கு நடுவே ஓரிடத்தில் கை வைக்க முடியாத சூடு, ஓரடி தள்ளி ஜில்லென்ற கடல். எங்கே உட்கார்ந்தால் சரியாகக் கலக்கும் என்பது அங்கே குந்தியிருந்த துருக்கிப் பாட்டிகளுக்கு அத்துப்படி. அக்கா சல்வாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கியதும், ஒரு பாட்டி அவள் வீங்கிய முட்டியைப் பார்த்தார். தன் முட்டியைக் காட்டினார். அதில் நீளமான ஆபரேஷன் தழும்பு. நகர்ந்து தன் இடத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவர் துருக்கியில், இவள் தமிழில். மருமகள் விஷயம் என்பது மட்டும் எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைத் தவறவிட்டோம். சாக்கிஸ் எனப்படும் மரப்பிசின் போட்ட ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பஸ்ஸின் நடைவழியில் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 6, சனி. குல்துர்பார்க், மறுபடி ஆட்டம்

ஊருக்கு நடுவே இவ்வளவு பெரிய பூங்கா எப்படிக் கிடைத்தது என்று முதல் நாளிலிருந்தே யோசனை. 1922 செப்டம்பரில், கிரேக்கப் படை தோற்றுத் துருக்கிப் படை நுழைந்த சில நாளில், 13-ஆம் தேதி தீப்பிடித்து, கிரேக்க, ஆர்மீனியக் குடியிருப்புகள் எரிந்து சாம்பலாயின. நாம் சூரியகாந்தி விதை கொறித்த கோர்டோன் துறையில்தான், முன்னால் கடல், பின்னால் நெருப்பு என்று லட்சக்கணக்கான ஜனங்கள் கப்பலுக்காக நின்றார்கள். எரிந்த நிலம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. அதன் ஒரு பகுதியில் மரம் நட்டு 1936-இல் திறந்ததுதான் குல்துர்பார்க். தீயை யார் வைத்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பூங்காவில் அதைப் பற்றி ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. பனைமர நிழலில் கிழவர்கள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல நிழல். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு கால் இறுதி, நெதர்லாந்தோடு, பெர்லினில். செவ்வாய்க்கிழமை கோல் அடித்துவிட்டு விரல்களால் ஓநாய் சைகை காட்டியதற்காகத் தெமிராலுக்கு இரண்டு ஆட்டத் தடை. தீவிர தேசியவாதிகளின் சைகை அது. எங்கள் டீக்கடையிலேயே அதைப் பற்றி இரண்டு கட்சி. அதே டீக்கடை, அதே நாற்காலிகள். தண்ணீர் பாட்டிலை மூடியே வைத்திருக்கும்படி அக்காவுக்கு முன்வரிசைக்காரர் சைகை செய்தார். 35-ஆவது நிமிடம் சாமெட் அக்காய்தின் தலையால் அடித்தார். தெரு பறந்தது. பிற்பாதியில் ஆறு நிமிட இடைவெளியில் நெதர்லாந்துக்கு இரண்டு, இரண்டாவது துருக்கி வீரர் ஒருவர்மேலேயே பட்டு உள்ளே போனது. 2-1. ஆட்டம் முடிந்ததும் பக்கத்து மேசைப் பெண் பத்து விநாடி மேசையில் தலைகவிழ்ந்து அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெயிட்டரைக் கூப்பிட்டாள். நாற்காலிகளை யாரும் உதைக்கவில்லை. புதிதாக டீ சொன்னார்கள், கோச்சைத் திட்டினார்கள், சாப்பிடப் போனார்கள்.

ஜூலை 7, ஞாயிறு. கிளம்பும் நாள்

பக்கத்து ஊர்களான ஃபோச்சா, பெர்காமா, உர்லா ஒன்றுக்கும் போகவில்லை. வருகிறவர்கள் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஊரைப் பாருங்கள், பதினொன்றிலிருந்து நாலு வரை எங்காவது ஒளிந்துகொள்ளுங்கள், மீதியைக் கடற்கரையில் செலவழியுங்கள். ஏசி நன்றாக இருக்கிறதா என்று கேட்பதைவிட, வீட்டு ஜன்னல் கடல் பக்கம் திறக்குமா என்று கேளுங்கள். முன்வரிசை உயர மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் வீடு அமைந்தால் காற்று அவர்களுக்குத்தான், உங்களுக்கில்லை.

தெருமுனைப் பழக்கடையில் செர்ரி கிலோ அறுபது லிரா. நூற்றைம்பது ரூபாய் என்று கணக்குப் போட்டதும் அக்கா இரண்டு கிலோ வாங்கிவிட்டாள். இதை எங்கே வைப்பது என்றேன். "வயித்துல" என்றாள். விமானம் இஸ்தான்புல்லில் இறங்குவதற்குள் ஒன்றரைக் கிலோ தீர்ந்துவிட்டது. கொட்டையெல்லாம் இருக்கைக்கு முன்னால் இருந்த வாந்திப் பையில். அதைக் கையில் ஏந்தி நடந்துவந்த அக்காவைப் பார்த்த பணிப்பெண், பாவம், ஓடிவந்து அவளுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். முட்டியை நினைத்துப் பார்த்துவிட்டு அக்கா சரி என்றாள்.